நண்பரின் பகுத்தறிவு எதுவரை?

தன்பால் இணையருக்குப் பதிவுரிமை கேட்டு நான் எழுதியதை மறுக்கும் நண்பர், இது 'நகரத்து மேட்டுக்குடியின் கோரிக்கை' என்கிறார். இந்தச் சரக்கு எங்கே கிடைத்தது? 2023-இல் தன்பால் திருமண வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதத்தில். காலையும் மாலையும் டெல்லியை வைகிறவர் இதற்கு மட்டும் டெல்லியிடம் கடன் வாங்குவானேன்? காட்டுப்பள்ளிக்கு வந்து மேட்டுக்குடியைத் தேடட்டும். துறைமுகத்தில் லாஷிங் வேலை (கன்டெய்னர்களைக் கட்டி இறுக்குவது) பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி கன்டெய்னர் மேலிருந்து விழுந்து செத்தால், இழப்பீட்டுக்குரிய 'சார்ந்தோர்' யார் என்று 1923-லேயே சட்டம் எழுதிவிட்டது: மனைவி, பிள்ளைகள், பெற்றோர், இன்னும் சில உறவுகள். மீஞ்சூர் வாடகை அறையில் அவனோடு ஆண்டுக்கணக்காக ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவனுக்கு அதில் இடமில்லை.

'வங்கியில் நாமினி போடலாம் என்று 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகமே சொல்லிவிட்டதே, இன்னும் என்ன?' என்கிறார். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசிடம் சேர்க்க வேண்டியவர், உரிமையாளர் அல்லர் என்பது கோர்ட்டு குமாஸ்தாவுக்கும் தெரியும். உயில் எழுதலாமே என்பார். பி.எஃப். பணத்துக்கு? பிள்ளையை நம்பி வாழும் தாய் தகப்பன் இருந்தால் வெளியாளை நாமினியாகப் போடவே விதி இடம் தராது.

அடுத்தது அவருடைய பிரம்மாஸ்திரம் (பகுத்தறிவாளர் கையில்!): 'உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.' தீர்ப்பைப் படித்தாரா, தலைப்புச் செய்தியையா? 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனது, திருமணம் அடிப்படை உரிமையல்ல என்பதில். இணைவாழ்வுக்கான அங்கீகாரத்தை மூவர் மறுத்தார்கள், இருவர் ஆதரித்தார்கள். அந்த மூவரும்கூட இது சட்டமியற்றும் மன்றங்களின் வேலை என்றார்கள். திருமணமோ பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநில சுயாட்சி பேசுகிறவருக்கு இது மறந்துபோகுமா?

ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. 'தீர்ப்பு வந்துவிட்டது, கலைந்து போங்கள்' என்றா திராவிட இயக்கத்தார் சொன்னார்கள்? 1967-இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. மேடைக்கு மேடை அதைச் சொல்லி மார்தட்டும் நண்பர், அன்று வைதீகர்கள் கேட்ட 'ஊர் ஒப்புமா?' என்ற கேள்வியையே இன்று பண்பாடு என்று மாற்றிக் கேட்கிறார். ஓட்டு போய்விடும் என்று பயப்படுவதை நேராகச் சொல்லியிருந்தால் மதித்திருப்பேன்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர் தங்களுக்குள் எழுதிப் பதிந்துகொள்ளக்கூடிய குடும்ப உறவுப் பத்திரம் பற்றிப் பரிசீலிக்கும்படி தமிழக அரசிடம் சொன்னார். நண்பரின் நீண்ட மறுப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா?