அரிதாரத்துக்கும் கோட்டைக்கும் இடையே 24 ஆண்டுகள்

சென்னையின் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் பிரதான சாலை வழியே வடமேற்காகச் சில கிலோமீட்டர் சென்றால் பரங்கிமலை வரும். எம்.ஜி.ஆர். முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பரங்கிமலைத் தொகுதியிலிருந்துதான், ஆண்டு 1967. 1971இலும் அதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதலமைச்சரானது 1977இல். இந்தப் பத்தாண்டையும் இதற்கு முந்திய அரசியல் வாழ்வையும் ஒரே வரியில் தாண்டிவிடும் கூற்று ஒன்று தமிழ்நாட்டில் நிலைபெற்றிருக்கிறது: சினிமாக் கவர்ச்சிதான் அவரைக் கோட்டைக்கு அனுப்பியது, ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்தார்கள் என்பது அது. திரைக்கும் வாழ்வுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் பாமர மக்கள் என்ற இளக்காரம் இதன் அடியில் கிடக்கிறது. நடிகர் எவராவது கட்சி தொடங்கினால் உடனே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

அரிதாரத்தைக் கலைத்த கையோடு அவர் முதல்வரானார் என்பதை ஆண்டுக்கணக்கே மறுக்கிறது. 1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்து, சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் தோன்றியவர் எம்.ஜி.ஆர். கதாநாயகனாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காங்கிரஸ் பற்றுடன் கதர் உடுத்திவந்தவர், 1953இல் தி.மு.க.வுக்கு வந்தார். அப்போது கட்சிக்கு வயது நான்கு. அது தேர்தலில் நின்றதே இல்லை. அவரும் அன்று அறிமுகமான நடிகர்தானே தவிர, உச்சத்தில் இருந்தவர் அல்ல. 'மலைக்கள்ளன்' (1954), 'மதுரை வீரன்' (1956), 'நாடோடி மன்னன்' (1958) ஆகிய பெருவெற்றிகள் எல்லாம் கட்சியில் சேர்ந்த பின் வந்தவை. அவரது எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தின் சின்னத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உயர்த்திப் பிடித்தது தி.மு.க. கொடியை. படம் தொடங்கும் முன்பே திரையரங்கில் கட்சி தொடங்கிவிடும். புகழ் கட்சியை வளர்த்தது போலவே, கட்சியும் புகழை வளர்த்தது. 1962இல் சட்ட மேலவை உறுப்பினர், 1969இல் கட்சியின் பொருளாளர் என்று படிப்படியாகத்தான் அவர் ஏறினார்.

அடுத்தது குண்டடிக் கதை. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். வேட்பாளரானார், அந்தப் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் பரவியது. பரங்கிமலையில் 27,000க்கும் கூடுதலான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அனுதாபம் இதற்கு உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேர்தலையே குண்டுதான் தீர்மானித்தது என்பது மிகை. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் காங்கிரஸ் அரசுக்கு எதிராகக் கனன்றுகொண்டிருந்தன. இராஜாஜியின் சுதந்திரா கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை எதிர்க்கட்சிகளை அண்ணா ஓரணியில் சேர்த்திருந்தார். மாநிலம் முழுவதும் காங்கிரஸ் 41 விழுக்காடு வாக்குகள் பெற்றது; அது தி.மு.க. பெற்றதைவிடச் சற்றே அதிகம். அப்படியும் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது என்றால், எதிர்ப்பு வாக்குகள் சிதறாததே முதன்மைக் காரணம். போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் அக்கட்சி வென்றதை ஒரு சுவரொட்டியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

1972இல் கட்சி உடைந்ததையும் ரசிகர் பட்டாளத்தின் கோபம் என்றே சுருக்குகிறார்கள். அந்த அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில் அவர் எழுப்பியது கணக்குக் கேள்வி: அமைச்சர்களும் மாவட்டச் செயலாளர்களும் சொத்துக்கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். கேட்டவர் கட்சிப் பணத்துக்குப் பொறுப்பான பொருளாளர் என்பதால் கேள்விக்கு எடை கூடியது. சில நாட்களில் அவர் நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அண்ணா தி.மு.க. பிறந்தது. அவரது ரசிகர் மன்றங்கள் ஒரே இரவில் கிளைக்கழகங்களாயின. அவை ஏற்கெனவே தேர்தல்தோறும் சுவரெழுதி, கொடி கட்டி, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்ப் பழகியவை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

1973 மே 20 அன்று திண்டுக்கல் இடைத்தேர்தல் நடந்தது. புதிய கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாம் இடத்துக்கும், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்கும் போயின. 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது இதற்கு ஒன்பது நாள் முன்பு. சினிமா வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. ஆனால் நின்றவர் நடிகர் அல்லர், வழக்கறிஞர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி துணை நின்றது. ஆளுங்கட்சி மீதான ஊழல் குற்றச்சாட்டு ஊர்ப்பேச்சாகியிருந்தது. அப்படிப்பட்ட வெற்றிக்குப் பிறகும் முதல்வர் பதவிக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1977 ஜூன் தேர்தலில் கட்சி 130 இடங்களை வென்றாலும், பெற்ற வாக்குகள் சுமார் 30 விழுக்காடுதான். நான்குமுனைப் போட்டி தந்த வெற்றி அது.

ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்தார்கள் என்பதை 1980 முற்றாக உடைக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு விதித்து எம்.ஜி.ஆர். அரசு 1979இல் ஆணையிட்டது. எதிர்ப்பு எழுந்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.-காங்கிரஸ் அணி 37 தொகுதிகளை அள்ளியது, அண்ணா தி.மு.க.வுக்குக் கிடைத்தவை கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டுமே. உடனே அவர் வருமான வரம்பை நீக்கி, இடஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தினார். பிப்ரவரியில் மத்திய அரசு அவரது ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் அதே வாக்காளர்கள் 129 இடங்களைத் தந்து அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஐந்தே மாதங்களில் தண்டனையும் கொடுத்து, திருத்தத்தையும் வாங்கி, மன்னிப்பும் அளித்தவர்களைக் கண்மூடிகள் என்று எப்படிச் சொல்வது? அவரது கடைசிப் படம் வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1986 உள்ளாட்சித் தேர்தலிலும் நகராட்சிகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் தி.மு.க.வுக்கே கொடுத்தார்கள்.

ஏழைகள் அவருக்கு வாக்களித்ததற்குத் திரைக்கு வெளியே கண்ணால் காணக்கூடிய காரணம் இருந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. காமராஜரின் மதிய உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இது இரண்டு வயதுக் குழந்தை வரை இறங்கி வந்தது. தட்டில் விழுந்த சோற்றுக்குத் தாய்மார்கள் தந்த மதிப்பைச் சினிமா மயக்கம் என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். இதே ஆட்சியில் 1981இல் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. தருமபுரி, வடஆர்க்காடு மாவட்டங்களில் நக்சலைட்டுகளை ஒடுக்குவதாகச் சொல்லிக் காவல்துறை பலரைச் சுட்டுக் கொன்றது. அவரை விமர்சிக்க விரும்புவோர் பேச வேண்டியவை இவை.

1984 தேர்தலின்போது அவர் அமெரிக்காவின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தார். தொகுதிப் பக்கமே வராமல் ஆண்டிப்பட்டியில் வென்றார். அவர்மீது மக்கள் வைத்திருந்த பாசம் அதில் வெளிப்பட்டது உண்மை. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் காங்கிரசுடன் கூட்டணி இருந்ததும் உண்மை.

கவர்ச்சி மட்டும் போதுமென்றால் மற்ற நடிகர்களுக்கும் அது பலித்திருக்க வேண்டும். 1962இலேயே தேனியில் வென்று சட்டமன்றத்துக்குப் போன எஸ்.எஸ்.இராஜேந்திரனுக்கு முதல்வர் நாற்காலி எட்டவில்லை. நடிப்பில் நிகரற்ற சிவாஜி கணேசன் 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கினார். 1989 ஜனவரி தேர்தலில் அக்கட்சி ஓரிடமும் பெறவில்லை. திருவையாற்றில் அவரே தோற்றார்.

எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24 அன்று. ஓராண்டு கழித்து நடந்த அந்தத் தேர்தலின்போதும் அவரது படங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கட்சி இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணி 27 இடங்களோடு நின்றது. எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணிக்கு இரண்டே இடங்கள். ஜானகி ஆண்டிப்பட்டியிலேயே தோற்றார். பிப்ரவரியில் அணிகள் இணைந்து சின்னம் திரும்பக் கிடைத்தது. மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு ஆகிய இரு தொகுதிகளில் நடந்த தேர்தலில் இரண்டையும் அண்ணா தி.மு.க. வென்றது.