அரசு ஊழியர் கணக்கு: உள்ளே யார், வெளியே யார்?



நம் நாட்டில் அரசு ஊழியர்கள் மிகுந்துவிட்டனர், ஆட்குறைப்பு வேண்டும் என்னும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் எண் ஏறக்குறைய 16 இலட்சம். கேட்டவுடன் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால், அந்த எண்ணுக்குள் இருப்போர் அலுவலக எழுத்தர்கள் மட்டுமல்லர். ஆசிரியர், மருத்துவர், தாதியர், காவல்துறையினர், படைவீரர் என எல்லாரும் அதில் அடக்கம்.

மாநில அளவில் பார்த்தாலும் இதே சிக்கல்தான். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வியும் மருத்துவமும் கூட்டரசின் பொறுப்பு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பு. எனவே, பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பேராக் மாநில அரசின் கணக்கில் வாரார். தமிழ்நாட்டிலோ அரசுப் பள்ளி ஆசிரியர் மாநில அரசு ஊழியர். இவ்விரு மாநிலங்களின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் விடை பிழையாகவே வரும்.

ஆண்டுகளை ஒப்பிடுவதிலும் இதே கவனம் தேவை. 1987-இல் தொலைபேசித் துறையும், 1990-இல் தேசிய மின்சார வாரியமும், 1992-இல் அஞ்சல் துறையும் இரயில்வேயும் நிறுவனங்களாக மாற்றப்பட்டன. கம்பத்தில் ஏறியவர் மறுநாளும் அதே கம்பத்தில்தான் ஏறினார். அரசுப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை. வேலை குறையவில்லை, எண் குறைந்தது.

நம் பள்ளிகளையே பாருங்கள். வகுப்பறையைத் துப்புரவு செய்பவரும் வாயிலில் நிற்கும் பாதுகாவலரும் பெரும்பாலும் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். அவர்களுக்கான செலவு அரசுப் பணத்திலிருந்துதான் போகிறது. ஆனால், அரசு ஊழியர் கணக்கில் அவர்கள் இல்லை. கணக்கில் இல்லாதவரின் குறைந்த ஊதியமும் நிலையற்ற வேலையும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே, ஆண்டுதோறும் ஒரே மொத்த எண்ணை வெளியிடுவது போதாது என்பது என் கருத்து. நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், குத்தகை வழி வேலை செய்வோர் எத்தனை பேர் என்று துறைவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மாணவர் தொகையும் நோயாளர் தொகையும் உடன் இருக்க வேண்டும். மாணவர் பெருகும்போது ஆசிரியர் பெருகுவதை வீக்கம் என்று சொல்லலாகாது, அது வளர்ச்சி.

பெற்றோர்களே, ஆட்குறைப்பு என்னும் சொல்லைக் கேட்டால், எந்தத் துறையில், யாரை என்று கேளுங்கள். அந்த எண்ணுக்குள் உங்கள் பிள்ளையின் ஆசிரியரும் இருக்கிறார்.