இறுகிய இயந்திரமும் இளகும்



விருத்தாசலம் கடல் காணாத ஊர். களிமண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, சூளையில் சுட்டுப் பீங்கானாக்கும் தொழிலால் பெயர் பெற்றது. இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் கடலூர்க் கடற்கரை வந்துவிடும். ஒரே மாவட்டத்தின் இவ்விரு முனைகளையும் இணைக்கும் சிறு பொருள் ஒன்று உண்டு. அது படகு மோட்டாரின் ஸ்பார்க் பிளக். அதன் வெண்ணிறக் குழல் பீங்கானே. மின்கம்பத்துப் பீங்கானைப் போல, மின்சாரம் வழி தவறாமல் காப்பதே அதன் பணி. ஆகவே படகு மோட்டாரைப் பற்றிப் பேசுவது நமக்கு அயலான காரியமன்று.

படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1960-இல் தன் முதல் மோட்டாரை வெளியிட்டது. பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த நம் கடற்கரைகளில் 1980-களில்தான் அது பரவலாயிற்று. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லே வடிவமைத்த ஒட்டுப்பலகைப் படகுகள் அதற்குத் துணை நின்றன. 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு மோட்டார்களைத் தருவித்ததோடு, பழுது பார்க்கும் நிலையங்களையும் நடத்தலாயிற்று.

ஒரு மீனவக் குடும்பத்துக்கு அந்த மோட்டார் வெறும் இரும்பன்று. நகையை அடகு வைத்தோ, கடன்பட்டோ வாங்கிய சோறு அது. அது நின்றால் அடுப்பும் நிற்கும். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த பழைய மோட்டாரின் கயிற்றை இழுத்தால் அசையாது. "ஜாம் ஆகிவிட்டது" என்பர். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை பேசுவார். அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம். உள்ளே நடந்தது என்னவென்று முதலில் அறிவோம்.

சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. அதனுள் ஓடும் பிஸ்டன் அலுமினியம். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களும் பெரும்பாலும் இரும்பே. உப்பும் ஈரமும் புகுந்தால் இரும்பு துருவேறி, வளையங்களைக் கவ்விக்கொள்கிறது. எனினும் இறுக்கம் எப்போதும் அங்கேதான் இருக்கும் என்பதில்லை. நீருக்குள் இருக்கும் கியர்ப் பெட்டி இறுகியிருந்தாலும் கயிறு அசையாது. ஆதலின் முதலில் கியரை நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் அடிப்பாகத்தைக் கழற்றித் தனியே பிரித்தால், நோய் மேலேயா கீழேயா என்பது விளங்கும்.

நோய் சிலிண்டரில் எனில், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். இங்கே பலரும் தவறுவது ஒன்றுண்டு. இம்மோட்டாரில் சிலிண்டர்கள் படுக்கை வாட்டில் இருப்பதால், நிற்க வைத்து ஊற்றினால் எண்ணெய் ஒரு பக்கத்தையே நனைக்கும். பிளக் துளைகள் மேல்நோக்குமாறு மோட்டாரைக் கிடத்தி ஊற்றுவதே முறை. பல நாள்கள் காத்திருந்து, குறையக் குறைய ஊற்றி வர வேண்டும்.

சூடும் உதவும். ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் உள்ள இடத்தில் தீச்சுடர் ஆகாது. சிலிண்டரின் வெளிப்புறத்தில் கொதிநீர் ஊற்றினால் போதும். சூடேறும்போது அலுமினியம் இரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். இவ்வாறு சூடேறியும் ஆறியும் வருவதால் உண்டாகும் நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் இறங்கும். அதன்பின் மேலுள்ள கனத்த சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். கயிற்றை வெறியுடன் இழுத்தால் வளையம் உடையலாம். சக்கரத்தைச் சுத்தியலால் அடித்தால் அதனுள்ளிருக்கும் காந்தம் பிளந்துவிடக்கூடும். தலைமணி அளவு அசைந்தாலும் வெற்றி நம் பக்கமே.

அசைந்தவுடன் முடுக்கிவிடலாகாது. சிலிண்டர்ச் சுவரில் ஆழ்ந்த கீறல் இருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கார்புரேட்டரைத் துப்புரவாக்கி, எரிபொருள் குழாயையும் மாற்றுக. கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது பொருள். சீல்களை மாற்றியே ஆக வேண்டும். பீங்கானில் கீறல் விழுந்த பிளக்கை எறிந்துவிடுக. நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் விறைத்திருந்தால் அதையும் புதுப்பித்து, நீர் நிரம்பிய பீப்பாயில் வைத்தே மோட்டாரை ஓட்டுக. நீரின்றி ஓட்டினால் அந்த ரப்பர் விரைவில் கருகிவிடும்.

கடலில் மூழ்கி எடுத்த மோட்டாரின் கதை வேறு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, தேவனாம்பட்டினம் முதலிய கடலூர்க் கரையோர ஊர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் அதே கரையைத் தாக்கியது. இத்தகைய வேளைகளில் மோட்டாரைக் கரையில் வைத்து வெயிலில் உலர்த்துவது பெருந்தீங்கு. காற்றுப் பட்டதும் துரு விரையும். உடனே பிரித்துப் பார்க்க வழியில்லையெனில், நன்னீர் நிரம்பிய தொட்டியில் முழுவதும் மூழ்க வைப்பதே நலம். மணல் புகுந்திருந்தால் சுழற்றவே கூடாது. ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கியதாயின், உள்ளே இணைப்புத் தண்டு வளைந்திருக்கக்கூடும். அதையும் வலிந்து சுழற்றலாகாது. இவ்விரண்டும் இல்லையெனில், நன்னீரால் கழுவி, நீரை வடித்து, எண்ணெய் ஊற்றிச் சில மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். மோட்டாரைக் கெடுப்பது பெரும்பாலும் மூழ்கியதன்று. மூழ்கிய பின் நாம் காட்டும் அசட்டையும் அவசரமுமே.

நம் இல்லங்களிலும் இவ்வாறு இறுகிப்போன உறவுகள் உண்டன்றோ? ஆண்டுக்கணக்கில் பேச்சற்ற அண்ணன் தம்பியரை ஒரே நாளில் இழுத்து வைத்து உலுக்கினால் உள்ளது உடையும். எங்கே இறுகியது என்று முதலில் அறிந்து, நாள்தோறும் சிறிது அன்பு வார்த்து, அசைவுக்காகக் காத்திருப்போம். தலைமணி அளவு அசைந்தாலும் அது தொடக்கமே.