சைக்கிளோட்டமும் வாழ்க்கைத் தொழிலும்

உடற்பயிற்சியின் நன்மைகளைப்பற்றி இத்தகைய மலர்களில் ஆண்டுதோறும் பலர் எழுதுகின்றனர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அதுவன்று. விளையாட்டையே தொழிலாகக் கொள்ளத் துணியும் இளைஞன் எதைக்கொண்டு உயிர் வாழ்வான் என்பதே எமது வினா. இதற்குச் சைக்கிளோட்டத்தைச் சான்றாகக் கொள்வோம்.

சைக்கிள் பந்தயம் களத்தோட்டம், சாலையோட்டம் என இருவகைப்படும். களத்து வண்டிக்குப் பிரேக் இல்லை; பெடலும் பின்சக்கரமும் இணைந்தே சுழலும். 250 மீட்டர்ச் சுற்றுள்ள சாய்தளத்தில் சில நொடிகளில் வெற்றி முடிவாகிவிடுவதும் உண்டு. சாலையோட்டமோ பல மணி நேரம் நீள்வது. முன்செல்வோர் காற்றைத் தாங்க, அவர் பின்னே ஒதுங்கி வலிமையைச் சேமித்தவனே பெரும்பாலும் இறுதியில் முந்துகிறான். இரண்டிற்கும் பல்லாண்டுப் பயிற்சி இன்றியமையாதது.

நம்மவர்க்கு இதற்குரிய ஆற்றல் இல்லை என்பார் உளர். அவர் கூற்றுப் பொய்யாயிற்று. 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் அந்தமான் இளைஞர் ஈசோ ஆல்பன் கெய்ரின் என்னும் களத்தோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2022-ல் தில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் மணிப்பூர் வீரர் ரொனால்டோ சிங் விரைவோட்டத்தில் வெள்ளி பெற்றார். எனினும் 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பின், 2024 வரை, இந்தியச் சைக்கிள் வீரர் ஒருவரேனும் ஒலிம்பிக் களம் புகுந்திலர். இஃதென்ன காரணம்?

ரொனால்டோவை வென்றவர் ஜப்பானியர். அந்நாட்டில் 1948 முதல் கெய்ரின் ஒரு தொழிலாகவே நடந்துவருகிறது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனால் பிழைக்கின்றனர். அதனோடு கூடிய பந்தயச் சூதினை யாம் ஒருபோதும் ஆதரியோம். ஆயினும் ஓடுபவனுக்கு ஊதியம் உண்டெனில் ஓட்டம் வளரும் என்னும் உண்மையை மறுத்தற்கியலாது. நம் நாட்டில் ரயில்வேயும் இராணுவமும் வீரர்க்கு வேலை தருகின்றன. அவ்விரண்டின் வாயிலும் குறுகியதே.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் வாழ்ந்து பயின்ற நவீன் ஜானை நோக்குக. அவர் அமெரிக்காவிற் பொறியியல் கற்கையில், கல்லூரி மாணவராகவே பந்தயம் பழகியவர். தேசிய நேரப்போட்டியில் வாகை சூடினார். 2016-ல் தோஹாவில் நடந்த உலகச் சாலைப் போட்டியிலும் ஓடினார். எனினும் தேர்ச்சி பெறும் பொருட்டுப் பெல்ஜியம், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கு அவர் செல்லவேண்டியதாயிற்று. கல்வியும் துணையுமுடைய அவர்க்கே இந்நிலையெனில், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் நம் ஏழை இளைஞனின் நிலை யாதாகும்?

ஓசூரோ உருளைகளின் ஊர். மோட்டார் சைக்கிளும் லாரியும் இங்கே உருவாகி நாடெங்குஞ் செல்கின்றன. ஆனால் சைக்கிளோட்டம் பழக விரும்புவோன் கிருஷ்ணகிரிப் பெருஞ்சாலையில் லாரிகளின் இடையே உயிரைப் பணயம் வைத்தல் வேண்டும். களத்தில் ஓட விரும்பின் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூருக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் செல்லல் வேண்டும்.

பந்தய வண்டி விலைமிக்கது, ஏழைக்கு எட்டாதது எனச் சிலர் கூறுவர். மெய்யே. ஆதலினன்றோ யாம் தனியொருவன் பையை நாடாது ஆலைகளை நாடுகின்றோம்! ஒவ்வோர் ஆலையும் இரண்டொரு வீரர்க்கு அரைநாள் வேலையும் முழுநாட் சம்பளமும் அளிக்கலாம். ஞாயிறு விடியலில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சாலையொன்றை இரண்டு மணி நேரம் ஓட்டத்துக்கென ஒதுக்க அதிகாரிகள் இசையலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; மனமே வேண்டும்.

பழைய மாணவர் பலர் அவ்வாலைகளில் உயர்பதவி வகிக்கின்றனர். வென்று திரும்பியவனுக்கு மாலையிட யாவரும் வருவர். அவன் வெல்லுமுன்னர் அவனுக்குச் சோறிடுவார் யார்? அவர்களையே யாம் கேட்கின்றோம்.