அலறும் அண்டைவீட்டார்

புசாவல் ரயில்வே குடியிருப்பில் நம் வீட்டு வாயிலில் முதிய வேம்பு ஒன்று உண்டு. அதன் பொந்தில் இரண்டு புள்ளி ஆந்தைகள் வாழ்கின்றன. சென்ற தை மாதம் நம் குழந்தை காய்ச்சலில் கிடந்த மூன்று இரவும் அவை ஓயாது கத்தின. எத்தனை முறை அலறினால் என்ன பலன் என்று ஊரில் பாட்டிமார் சொல்லிவைத்த கணக்கை அன்பர்கள் அறிவீர்கள். இல்லாள் விரல்விட்டு எண்ணலானாள். மரத்தை வெட்டுமாறு மனு எழுதச் சொன்னாள். குமாஸ்தாவுக்கு மனு எழுத எவ்வளவு நேரமாகும்! எழுதி மேசைப் பெட்டியில் வைத்தோம்.

மாசியில் மராத்திய நண்பர் ஒருவர் நம்மை நந்துர்பாரில் ரயில்விட்டு இறக்கி, சாத்பூடா மலையடிவாரத்துத் தேக்கங்காட்டுக்கு அழைத்துச் சென்றார். காட்டாந்தையைக் காட்டுவதாகச் சொன்னார். மராத்தியில் அதனை ரான்பிங்ளா என்பர். 1873-இல் அதற்குப் பெயரிட்டவர் ஹியூம். பின்னாளில் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணராயிருந்த அதே ஹியூம்தான். 1884-க்குப் பின் அதனை ஐயமறக் கண்டவர் இலர். அற்றுப்போயிற்று என்றே பலரும் எண்ணியிருக்க, 1997 நவம்பரில் பமேலா ராஸ்முசென் முதலிய மூவர் ஷஹாதா அருகே மீண்டும் கண்டனர். நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகள்! பின்னர் மேள்காட் காடுகளிலும், 2014-இல் மும்பைக்கு அணித்தான தான்சாவிலும் அது தென்பட்டது.

ஆந்தையைக் காண இருள் வேண்டுமென நினைத்திருந்தோம். இதுவோ பகலில் வேட்டையாடுவது. காலை வெயிலில், இலையுதிர்ந்த தேக்கங்கிளையில், ஒரு சாண் உயரமே உள்ள உருவம். கால்களில் வெண்பஞ்சு சுற்றினாற்போல் இறகுகள். கண்ணை உருட்ட இயலாதாகையால் தலையையே திருப்பி நம்மை நோக்கிற்று. நம்மை ஒரு பொருட்டாக எண்ணவில்லை போலும். வாலை வெடுக்கென்று அசைத்துவிட்டுத் தரையில் ஓடிய ஓணான்மேல் பாய்ந்தது. அவ்வளவே. அதற்காக இருநாள் விடுப்பு எடுத்தது வீண் என்று நமக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் நண்பர் ஒன்று கூறினார். ஆந்தை இலக்குமியின் வாகனம் எனப் போற்றும் இந்நாட்டிலேயே, தீபாவளி நெருங்கினால் மாந்திரிகத்துக்கென அதனைப் பிடித்து விற்கின்றனராம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் தடுத்தும் நின்றபாடில்லை. மேசைப் பெட்டியிலிருந்த மனு நம் நினைவுக்கு வந்தது.

வீட்டை அடைந்தபோது அந்திப் பொழுது. ஆந்தைகள் தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்க, காய்ச்சல் தெளிந்த குழந்தை வாயிற்படியில் நின்று தானும் அவ்வாறே செய்துகொண்டிருந்தது. விளக்குக் கம்பத்தைச் சுற்றிய வண்டுகளைப் பிடித்து அவை பொந்துக்குக் கொண்டு சென்றன.

"குஞ்சு பொரித்திருக்கிறது போலிருக்கிறது," என்றாள் இல்லாள்.

மனுவை என்ன செய்வது என்று வினவினோம்.

"குஞ்சுகள் பறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்," என்றாள். ஆயினும் இரவில் அலறலை எண்ணுவதை அவள் இன்னும் விட்டாளில்லை.