பிள்ளையின் கஞ்சியில் நஞ்சுக்கு இடமில்லை



மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். 1977 வன்செயலுக்குப் பின் மன்னார்ப் பக்கம் குடியேறியவர்களும் நம்மவரே. மலையிலும் கரையிலும் எடை குறைந்த நம் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கிடைப்பது திரிபோஷா. அதில் முக்கியமானது சோளம்.

ஈரத்தோடு மூட்டை கட்டிய சோளத்தில் பூஞ்சணம் படர்ந்து அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயைக் கொண்டுவரும். 2004இல் கென்யாவில் இத்தகைய சோளம் தின்று 125 பேர் மாண்டனர்.

2022 செப்டெம்பரில் திரிபோஷாவில் இந்த நஞ்சு இருப்பதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத் தலைவர் பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் மறுத்தது. எது உண்மை என்று தாய் எப்படி அறிவாள்? ஆய்வு முடிவு அவள் கையில் இல்லையே!

"கவனமாகச் சமையுங்கள்" என்று அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். களஞ்சியத்தில் ஏறிய நஞ்சு அடுப்பில் இறங்காது. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் கோழிக்கும் போடாமல் நாம் எறிவோம். பொதிக்குள் இருப்பதற்கு அரசே பொறுப்பு.

திரிபோஷா பிள்ளைகளின் உரிமை, அதை நிறுத்தாதே! சோளத்தை உலர்த்தி வாங்கு! ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கிளினிக் சுவரில் ஒட்டு! தட்டுப்பாட்டைக் காட்டி நஞ்சின் எல்லையை உயர்த்தாதே!

அடுத்த கிளினிக் நாளில் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.