தீவிர சிகிச்சைத் தாதியரின் பணிச்சோர்வு குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: சுகாதார, சமூகப் பராமரிப்பு அமைச்சர், லண்டன், வடகிழக்கு லண்டன் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபையின் தலைமை அதிகாரி.

அனுப்புநர்: வால்தம்ஸ்டோவிலும் அயற்பகுதிகளிலும் வதியும் தமிழ்த் தாதியரின் சங்கம்.

பொருள்: தீவிர சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியருக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட பணிச்சோர்வும் அதற்கான பரிகாரமும்.

வால்தம்ஸ்டோ, லெய்ட்டன், லெய்ட்டன்ஸ்டோன் பகுதிகளில் வதிந்து, கிழக்கு லண்டன் வைத்தியசாலைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடமையாற்றும் தமிழ்த் தாதியரின் சங்கம், கோவிட்-19 அலைகள் ஓய்ந்து ஆண்டுகள் கடந்தும் தீராதிருக்கும் பணிச்சோர்வு குறித்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறது. ஒரு தாதி எத்தனை நோயாளிகளைப் பார்ப்பது என்ற கணக்குக் கைவிடப்பட்டதே இச்சோர்வின் வேர் என்பதும், பரிகாரமும் அக்கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் சங்கத்தின் நிலைப்பாடாகும்.

பணிச்சோர்வு என்ற சொல் இங்கு சாதாரணக் களைப்பைக் குறிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, அதை நோயாகக் கொள்ளாமல், உரிய முறையில் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்திலிருந்து எழும் தொழில்சார் நிலையாக வரையறுத்து, சக்தி வற்றிப்போதல், தொழிலிலிருந்து மனம் விலகி வெறுப்படைதல், தான் செய்யும் வேலையால் பயனுண்டு என்ற உணர்வு குன்றுதல் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகச் சொல்கிறது. நோயென்றால் மருந்தும் விடுப்பும் போதும் என்று கோப்பை மூடிவிடலாம். பணியிடத்தின் விளைவு என்று ஏற்றால், பணியிடத்தை நடத்துவோர் பதில் சொல்லியாக வேண்டும். இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது அறக்காயம் என்பது. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் செய்ய முடியாத நிலையில் வைக்கப்பட்டவர் தம் மனச்சாட்சியில் சுமக்கும் காயம் அது; போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து மருத்துவத் துறைக்கு வந்த கருத்து.

தீவிர சிகிச்சை மருத்துவர் அமைப்புகள் 2019-இல் வெளியிட்ட தரநிலைகளின்படி, சுவாச இயந்திரத்தில் உள்ளவரோ, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவரோ ஆகிய மூன்றாம் நிலை நோயாளி ஒருவருக்கு, எந்த நேரத்திலும், ஒரு தாதி இருக்க வேண்டும். அத்துடன் பிரிவின் தாதியரில் குறைந்தது பாதிப்பேர் தாதியாகப் பதிவுபெற்ற பின் தீவிர சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி முடித்தவர்களாகவும் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த அவசர வழிகாட்டலோ, வேறு பிரிவுகளிலிருந்து அனுப்பப்பட்டோரின் துணையுடன், பயிற்சி பெற்ற ஒருவர் ஆறு நோயாளிகள்வரை பொறுப்பேற்க இடமளித்தது. இரண்டாம் அலை எழுந்த 2020 நவம்பரில், ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்ற அளவு, ஒரு தாதிக்கு இரு நோயாளிகள் என மீண்டும் தளர்த்தப்பட்டது.

ஆறு என்ற எண் கட்டிலருகில் என்ன பொருள் தந்தது என்பதைத் தாளில் மட்டும் பார்த்தோர் உணர்ந்திருப்பது அரிது. மூச்சு மிகவும் குன்றிய நோயாளியைக் குப்புறக் கிடத்தும் முறையில், குழாய் எதுவும் நழுவாமல் அவரைப் புரட்டுவதற்கு ஐந்துக்கும் மேற்பட்டோர் தேவை. ஏறத்தாழ பதினாறு மணி நேரம் கழித்து மீண்டும் திருப்பும்போதும் அத்தனை பேரும் வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இடைவிடாது ஓடும். அதன் எச்சரிக்கை மணியை அந்த இயந்திரத்தில் பழகியவரால்தான் விளங்கிக்கொள்ள முடியும். முகக்கவசம் மூக்குத்தண்டை அறுக்க, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கடமை முறையில், தாம் நேரில் செய்யாத வேலைக்கும் தாமே கணக்குக் காட்டும் நிலையில் பயிற்சி பெற்ற தாதி நிறுத்தப்பட்டார். துணைக்கு அனுப்பப்பட்டோர் அர்ப்பணிப்புடனேயே உழைத்தனர். ஆயினும் அறியாத இயந்திரங்களின் நடுவே அவர்களும் அஞ்சினர், அவர்களது அச்சமும் அதே தாதியின் தோளிலேயே ஏறியது.

கட்டில்களை விரைவில் உண்டாக்கலாம் என்பதற்குக் கிழக்கு லண்டனே சாட்சி. ரோயல் லண்டன் வைத்தியசாலையின் 14ஆம், 15ஆம் மாடிகள் சில வாரங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவாக்கப்பட்டன. எக்செல் கண்காட்சி மண்டபத்தில் 2020 ஏப்ரல் 3 அன்று திறக்கப்பட்ட நைட்டிங்கேல் வைத்தியசாலை 4,000 கட்டில்கள்வரை விரியக்கூடியதாகத் திட்டமிடப்பட்டிருந்தும், முதல் அலையில் அங்கு சிகிச்சை பெற்றோர் நூறு பேரைக்கூட எட்டவில்லை. ஏனைய வைத்தியசாலைகள் தமக்குள்ளேயே இடத்தை விரித்துக்கொண்டது இதற்கு ஒரு காரணம். தாதியர் தட்டுப்பாடு மற்றொன்று. தாதியம் என்ற தொழிலுக்கே அடையாளமான பெயரைச் சூட்டிய கட்டடத்துக்குத் தாதியரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது தற்செயலான முரணாக இருக்கலாம். திட்டமிடுவோர் எதை முதலில் எண்ணினர், எதைப் பிறகு எண்ணினர் என்பதை அது காட்டாமலும் இல்லை.

விளைவுகளுக்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் ஒன்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2020 ஜூன், ஜூலை மாதங்களில் 709 ஊழியரிடம் நடத்தப்பட்டு 2021 ஜனவரியில் வெளியான ஆய்வில், 45 சதவீதத்தினர் கடும் மனச்சோர்வு, கடும் பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு, மதுப் பிரச்சினை ஆகியவற்றுள் ஒன்றுக்கேனும் உரிய அளவைத் தாண்டியிருந்தனர். மனவடுவுக்குரிய அளவை மட்டும் 40 சதவீதத்தினர் எட்டினர். தாதியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், இறந்துவிடுவதே மேல் என்றோ தம்மை வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணியதாகக் குறித்திருந்தனர். இவை வினாக்கொத்தின் விடைகளேயன்றி மருத்துவ நோய்நிர்ணயங்கள் அல்ல என்பதைச் சங்கம் மறைக்கவில்லை. ஆயினும் முதல் அலை தணிந்திருந்த கோடையில், இரண்டாம் அலைக்கு முன்னரே, பெறப்பட்ட விடைகள் இவை என்பதும் கருதத்தக்கது. 2021 ஜூனில் பாராளுமன்றத்தின் சுகாதாரத் தெரிவுக்குழு, பணிச்சோர்வு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டு, ஆளணித் திட்டமிடலின் குறைபாட்டை அதன் மையக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது.

எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத ஒரு சுமை தமிழ் பேசும் தாதியருக்கு இருந்தது. பார்வையாளர் தடுக்கப்பட்ட நாட்களில், ஆங்கிலம் போதாத குடும்பங்களுக்குத் தொலைபேசியிலும் கணினிப் பலகையிலும் நிலைமையைத் தமிழில் எடுத்துச்சொல்லும் வேலை, கடமைப் பட்டியலில் எங்கும் குறிக்கப்படாமல் அவர்களிடமே வந்துசேர்ந்தது. மறுமுனையில் இருந்த முதியவர்கள் அவர்களைப் பிள்ளை என்றும் தங்கச்சி என்றும் அழைத்தனர். உறவுமுறை சொல்லி அழைத்தவரிடம் மரணச் செய்தியை அலுவலகத் தொனியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக எவராலும் இயலாது. மொழிபெயர்ப்பாளருக்குரிய ஊதியமும், அவருக்குரிய விலகிநிற்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லாதிருந்தன.

மேற்சொன்னவற்றின் அடிப்படையில் சங்கம் கோருவன பின்வருமாறு. முதலாவதாக, தீவிர சிகிச்சையில் தாதி-நோயாளி விகிதம் சட்டமாக்கப்பட வேண்டும். வேல்ஸ் 2016-இலும் ஸ்கொட்லாந்து 2019-இலும் தாதியர் எண்ணிக்கை பற்றிச் சட்டம் இயற்றின. வேல்ஸ் சட்டத்தின் கணக்கிடும் கடப்பாடு குறிப்பிட்ட விடுதிகளுக்கே உரியதாயினும் வழி திறந்திருக்கிறது. கலிபோர்னியாவில் தீவிர சிகிச்சைக்குச் சட்டபூர்வமான உச்ச விகிதமே உண்டு. இங்கிலாந்தில் தரநிலை அறிவுரையாகவே நிற்கிறது. அவசரத்தில் விகிதத்தைத் தளர்த்த நேர்ந்தால், அவ்வாணை முடிவடையும் தேதி அதிலேயே எழுதப்பட வேண்டும். தளர்த்திய ஒவ்வொரு நாளின் விவரமும் வைத்தியசாலைவாரியாக வெளியிடப்பட வேண்டும். என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பு அமைச்சுடன் இணைக்கப்படும் என 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், விகிதத்தைத் தளர்த்தி விவரம் வெளியிடும் இப்பொறுப்பு யாரிடம் சேரும் என்பதும் தெளிவாக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, அடுத்த அலை எப்போது வரினும் பயன்படத்தக்க துணைத் தாதியர் அணி ஒன்று இப்போதே பதிவுசெய்யப்பட்டு, அதன் உறுப்பினர் ஆண்டுதோறும் ஊதியத்துடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழக வேண்டும். அவர்களை வழிநடத்தும் தாதி, கட்டிலுக்குரிய எண்ணிக்கையில் சேர்க்கப்படலாகாது.

மூன்றாவது கோரிக்கை ஓய்வு பற்றியது. 2020-இல் விதிகள் திருத்தப்பட்டு, எடுக்க முடியாத விடுமுறையை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டது. அது ஏற்கெனவே உரிமையாயிருந்ததைத் தள்ளிவைத்ததேயன்றி புதிதாக எதையும் தரவில்லை. அலையொன்று தணிந்ததும், வழமையான சத்திரசிகிச்சைகளை மீளத் தொடங்குமுன், ஊதியத்துடன் கூடிய மீட்சிக்காலம் தாதியருக்கு வழங்கப்பட வேண்டும்.

நான்காவதாக, பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட 40 ஊழியர் மனநல மையங்களுக்கான தேசிய நிதி 2023 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டதால் பல மூடப்பட்டன. மனவடு நிதியாண்டைப் பார்த்து வருவதில்லை. வடகிழக்கு லண்டனில் இரகசியம் பேணும் நிரந்தர மையம் ஒன்று வேண்டும். அதில் தமிழில் உரையாடக்கூடிய ஆலோசகரும் இருக்க வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட தொழில்முறைத் தாதி ஆதரவாளர் திட்டம், அதாவது பயிற்சி பெற்ற சக தாதி மூலம் மனத்தேற்றல் வழங்கும் ஏற்பாடு, இருபது பேருக்கு ஒருவர் என்ற இலக்கை உடையது. நல்ல திட்டமே, எனினும் கடமை நேரத்திலேயே அதற்கு மணித்தியாலங்கள் ஒதுக்கப்படாவிட்டால் இன்னொரு சுமையாகிவிடும். நோயாளர் குடும்பங்களுடனான மொழிபெயர்ப்பு, எக்காலத்திலும் தொழில்முறையாளரின் பணியாக வேண்டும்.

இறுதியாக, தொழில் வழங்குநரின் அனுசரணையில் விசா பெற்றவர், குறை கூறினால் வதிவுரிமை பாதிக்கப்படுமோ என அஞ்சிச் சோர்வை மறைக்கிறார். நிரந்தர வதிவுக்கான காலத்தைப் பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளாக்கும் 2025 மே மாத யோசனை இந்த அச்சத்தை இரட்டிப்பாக்கும். ஏற்கெனவே பணியிலுள்ள தாதியர் அதிலிருந்து விலக்கப்பட வேண்டும். அவசரத்தில் அழைத்துப் பின்னர் மறப்பது ஒரு நாட்டுக்கே உரிய வழக்கமன்று; தமிழ்நாட்டிலும் பெருந்தொற்றில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் 2022 டிசம்பருடன் பணி நீக்கப்பட்டுத் தெருவில் போராடினர்.

இம்மனுவுக்கு எழுத்துமூலப் பதிலும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரியின் பதவியும் அறிவிக்கப்படுமாறு சங்கம் வேண்டுகிறது. இதன் பிரதி வால்தம்ஸ்டோ பாராளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பப்படுகிறது. நேரடிச் சந்திப்புக்கு இணங்குமிடத்து, கடமைப் பட்டியல்கள் வாரக்கணக்கில் முன்கூட்டியே தயாராகிவிடுவதால், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்னர் தேதி தெரிவிக்கப்படுதல் வேண்டும்.